பறக்கிறவன் காலை வாருவது எப்படி: 16 பக்க நையாண்டி காமிக்ஸ்

சூப்பர் ஹீரோவைக் கிண்டலடிக்கக் கிளம்புகிற பலரும் அவனுக்குத் தொப்பை வைப்பார்கள், குடிக்க வைப்பார்கள், கெட்ட வார்த்தை பேச வைப்பார்கள். இரண்டு பக்கம் தாண்டாது. குறை அவனுடைய சக்தியிலிருந்தே வர வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. பராமரிப்புப் பணி என்று பகல் முழுக்க கரண்ட் போகிற நாளில் அப்படி ஒருவர் மதுரையில் என்ன செய்வார்? கதை அங்கேயே தொடங்கிவிடும். (மாயாவியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், உரிமை வேறொருவருடையது. திருட வேண்டியது உத்தியைத்தான்.)

ஆக, ஒரு சக்தியை எடுத்துக்கொண்டு அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரேக் பிடிக்காத டவுன் பஸ்சை நாயகன் ஒற்றைக் கையால் நிறுத்துகிறான் என்று வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வந்த பஸ் அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் மீது அவரவர் எடையைப் போலச் சுமார் 12 மடங்கு விசை பாயும். கம்பியைப் பிடித்து நின்றவர்கள் முன்கண்ணாடியோடு வெளியே வருவார்கள். நாயகனைப் பெரிதாக முன்னால் வரையுங்கள், கண்ணாடிச் சில்லுகளைப் பின்னால் சின்னதாக. அவன் முகத்தில் பெருமிதம் மாறவே கூடாது. தப்பு செய்தது அவனுக்குத் தெரிந்துவிட்டால் நையாண்டி போய் சோகக்கதை ஆகிவிடும்.

பேச்சில் பாதி வேலை முடியும். நாயகன் செந்தமிழில் முழங்கட்டும்: “அஞ்சற்க! யான் காத்தேன்!” டீக்கடைக்காரர் மதுரைக்காரராகவே பேசட்டும்: “பஸ்ஸ நிறுத்துனது சரிண்ணே, உள்ள இருந்த ஆளுகள எங்கிட்டுப் போய்த் தேட?” கேலி அதிகாரத்தின் மீது நிற்கட்டும். சாதி, மதம், உடற்குறை பக்கம் போக வேண்டாம்.

இனி தாள். நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 16 பக்கம். வெளித்தாளின் வெளிப்புறம் 16, 1. உட்புறம் 2, 15. எந்தத் தாளின் எந்தப் புறத்திலும் இரண்டு எண்களின் கூட்டல் 17, ஒற்றை எண் எப்போதும் வலப்பக்கம். பழைய தாளில் ஒரு மாதிரி மடித்து எண் போட்ட பிறகே வரையுங்கள். ஒற்றைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் எதிர்பார்ப்பை ஏற்றி, பக்கத்தைத் திருப்பியதும் அடுத்த பக்க மேல் கட்டத்தில் உடையுங்கள். பஸ் நிற்பது 5இல் என்றால் கண்ணாடி 6இல்.

1986இல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ என்ற ஆங்கில சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அடிப்படையில் வரையப்பட்டது. அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஏ4இல் பாதியான ஏ5 அளவில் தமிழ் எழுத்துக்கு இடமே இருக்காது. நான்கு, மிஞ்சினால் ஐந்து கட்டம் போதும்.

ஒவ்வொரு பக்கத்தையும் ஏ4இல் வரைந்து ஜெராக்ஸில் 71 சதவீதமாகச் சுருக்கி, மாதிரியில் போட்ட எண்படி ஜோடி ஜோடியாக ஏ4 தாளில் ஒட்டுங்கள். மூலத்தில் எழுத்தின் உயரம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் புள்ளியும் சுழியும் அடைந்து, ‘ரி’யும் ‘ரீ’யும் ஒன்றாகிவிடும். முதலில் வசனம், அதைச் சுற்றித்தான் பலூன். மேலே கொக்கி, கீழே கால் என்று தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் நீளும், வரிகளுக்கு இடையே தாராளமாக விடுங்கள். பென்சில் நிழல் நகலில் அழுக்குத் திட்டாகத்தான் விழும். கறுப்புப் பேனாவால் கோடு கோடாகப் போடுங்கள், இடைவெளி 1 மி.மீ.க்குக் குறையாமல். ஜெல் பேனா மை காயும் முன் ரப்பர் போட்டால் இழுவிவிடும். மெஷின் விளிம்பு வரை அச்சிடாது, சுற்றிலும் 6 மி.மீ. காலி விடுங்கள்.

கடையில் முதலில் ஒரே ஒரு பிரதி. முன்பின் அச்சில் தாளைக் குறுகிய ஓரம் வழியாகத் திருப்பச் சொல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

பின் அடிக்க நீளக்கை ஸ்டேப்ளர் தேவையில்லை. சாதா ஸ்டேப்ளரை விரித்து, தேய்ந்த ரப்பர் செருப்பின் மேல் தாளை வைத்து முதுகில் இரண்டு இடத்தில் குத்தி, உள்ளே நீட்டும் கால்களைக் கரண்டிக் காம்பால் மடக்கலாம். ஓரத்தை வெட்டுவதானால் பின் அடித்த பிறகு வெட்டுங்கள், நடுத்தாள் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும்.