சென்னையிலிருந்து ஏலகிரி, ஜவ்வாது மலை: முதல் குரூப் ரைடைத் திட்டமிடுவது எப்படி?

மலைக்கு குரூப் ரைடு என்று பேச்சு எடுத்ததும் எந்த மலை என்பதில்தான் பாதி நாள் ஓடும். அதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். யாருடைய டேங்க் சின்னது, யார் இதுவரை மலை ஏறியதே இல்லை, யாருடைய டயர் வழுக்கை. இந்த மூன்று பேரை வைத்துத் திட்டம் போட்டால் மற்றவர்களுக்கு அது தானாகப் பொருந்தும். 350 சிசி வைத்திருப்பவரை வைத்துப் போட்டால், ஸ்கூட்டரில் வருபவர் மதியத்துக்குள் களைத்துப் போய்விடுவார்.

இங்கே எட்டு வண்டி, ஒரு இரவு, ஏறத்தாழ 500 கி.மீ. என்ற கணக்கில் சொல்கிறோம்.

1. பாதையை முடிவு செய்வது

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து ஏறினால் 20, ஏலகிரியில் 14. முதல் ரைடுக்கு ஏலகிரி போதும். சென்னையிலிருந்து சுமார் 230 கி.மீ.; வாணியம்பாடி வரை பெங்களூர் நெடுஞ்சாலை, பிறகு ஜோலார்பேட்டை பக்கம் திரும்பி, பொன்னேரியில் ஏற்றம் தொடங்கும். (திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி இல்லை. மேப்பில் வெறும் 'பொன்னேரி' என்று போட்டால் வண்டியை வடக்கே திருப்பிவிடும்.) வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வண்டி நின்றுபோனவர் "கபிலர் வளைவுகிட்ட நிக்கிறேன்" என்று போனில் சொன்னால் தேட வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாம் நாள் வந்த வழியே திரும்பலாம். முதல் நாள் எல்லோரும் சிரமமில்லாமல் ஏறியிருந்தால் மட்டும் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாக ஜவ்வாது மலையைக் கடந்து போளூரில் இறங்கி, ஆரணி, ஆற்காடு பக்கமாகச் சென்னை வரலாம். 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது இந்தக் காவலூரில்தான். சாலை குறுகலானது, காட்டுக்குள் போகிறது, சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதனால் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் ஜாக்கெட்டோடு போவது தண்டனை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பிறகு ஊட்டி, கொடைக்கானல் என்று ஆசை வந்தால், 2024 மே முதல் அங்கே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது, கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

2. யார் எங்கே ஓட்டுவது

எட்டு வண்டிக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே வழி தெரிந்த ஒருவர், கடைசியில் அனுபவமுள்ள ஒருவர். டூல் கிட்டும் முதலுதவிப் பெட்டியும் கடைசி வண்டியில்தான் இருக்க வேண்டும். பஞ்சரான வண்டியைத் தாண்டி முன்னால் போய்விட்ட கிட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

புதியவரைக் கடைசியில் விடுவதுதான் எல்லா குரூப்பும் செய்யும் தப்பு. அவர் லீடருக்கு அடுத்து, இரண்டாவதாக வர வேண்டும். காரணம் இது. லீடர் ஒரு லாரியை முந்த 60லிருந்து 80க்குப் போகிறார். அடுத்தவர் வழி கிடைத்து முந்த பத்து விநாடி, அதற்கடுத்தவர் இன்னும் பத்து விநாடி. எட்டாவது வண்டி லாரியைத் தாண்டும்போது லீடர் ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளியிருப்பார். அவரைப் பிடிக்க கடைசி ஆள் 100ஐத் தொட வேண்டியிருக்கும். ரப்பர் பேண்டை இழுத்தது போல, முன்னால் கொஞ்சம் அசைந்தாலும் பின்னால் பெரிதாக அடிக்கும். புதியவர் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தால் லீடர் தானாக அடக்கி ஓட்டுவார். முந்தி முடித்ததும் 60க்கே இறங்கி, கடைசி ஹெட்லைட் தெரியும்வரை அதிலேயே போக வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஒருவர் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி. நேர் முன்னால் உள்ள வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி. 60 கி.மீ. வேகத்தில் அது 33 மீட்டர். மலையில் இந்த அடுக்கு வேண்டாம். ஒற்றை வரிசைதான், ஏனென்றால் வளைவில் லேனின் முழு அகலமும் உங்களுக்குத் தேவைப்படும்.

பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு. வழி பிரியும் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்வண்டி உங்களைப் பார்க்கும்வரை ஓரமாக நில்லுங்கள். எல்லோரும் இதைச் செய்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், வாட்ஸாப் லொக்கேஷன் வேலை செய்யாவிட்டாலும்.

3. வண்டியைத் தயார் செய்வது

சர்வீஸை கிளம்புவதற்கு முந்தின நாள் விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே விட்டு எடுத்து, ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். சரியாக முறுக்காத ஆயில் போல்ட், இறுக்கிவைத்த பிரேக், தப்பாக மாட்டிய கேபிள் எல்லாம் அந்த நூறு கி.மீ.க்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். பல 100, 125 சிசி வண்டிகளில் முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்ற அளவில் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்குக் கூட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கிறது. செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் தூக்கினால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் பொதபொதவென்று உள்ளே போகும்.

கிட்டில் ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், கால் பம்ப், ட்யூப் டயர் வண்டி இருந்தால் அந்த அளவில் ஒரு ட்யூப், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், ஃபியூஸ், ஒரு கட்டு ஜிப் டை, இன்சுலேஷன் டேப். கேபிளும் பிளக்கும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அவரவர் வண்டிக்கு அவரவரே எடுத்துவர வேண்டும். மூட்டை கட்டும் எலாஸ்டிக் கயிற்றின் நுனி தொங்கினால் செயினில் சிக்கும். துப்பட்டாவும் அப்படித்தான்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம்.

4. பெட்ரோலும் நேரமும்

5 லிட்டர் டேங்க் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் 225 கி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டால் 150. ஆக 150 கி.மீ.க்குள் ஒரு பங்க், அங்கே தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் நிரப்ப வேண்டும். "எனக்கு வேணாம், அப்புறம் போட்டுக்கறேன்" என்று சொல்பவருக்காக இருபது கி.மீ. தள்ளி எட்டு வண்டியும் மறுபடி நிற்கும். ஏறுவதற்கு முன் வாணியம்பாடியில் ஒரு தடவை, ஜவ்வாது போவதானால் ஆலங்காயத்தில் ஒரு தடவை. 500 கி.மீ.க்கு, 40 மைலேஜ் கொடுக்கும் வண்டிக்கு 12.5 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,250 ரூபாய். டூவீலருக்கு டோல் கிடையாது.

காலை 5 மணிக்குப் பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டையில் கூடலாம். ஐந்து என்று சொன்னால் ஐந்தரைக்குத்தான் வருவார்கள், எனவே மெசேஜில் நாலரை என்று போடுங்கள். நெடுஞ்சாலையில் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 45 கி.மீ.தான் வரும், மலையில் 20. வாலாஜாபேட்டை பக்கம் டிபன், அங்கேயே பெட்ரோல். ஆம்பூர் ஒன்பது மணிவாக்கில் வரும். பிரியாணியை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வளைவு ஏறினால் கண் சொக்கும், பார்சல் வாங்கி மேலே போய்ப் பிரியுங்கள்.

ஒரு சின்ன விஷயம். காலையில் மேற்கே போகிறோம், வெயில் முதுகில் இருப்பதால் நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். எதிரே வருபவருக்கோ கண்ணில் அடிக்கிறது, நாம் அவருக்கு வெறும் நிழல். வாணியம்பாடியில் இறங்கி எதிர்ப்போக்குவரத்து உள்ள சாலைக்கு வந்தபின், அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நினைத்து முந்தக் கூடாது.

5. வளைவில் ஏறுவது

இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போவதால் இந்த வளைவில் உள்வட்டம் நமக்கு. அங்கேதான் திருப்பம் குறுகல், ஏற்றமும் செங்குத்து. மூன்றாம் கியரில் நுழைந்தால் வண்டி திணறும், பயத்தில் கிளட்சைப் பிடிப்பார், இழுவை போய்விடும், சாய்ந்த நிலையில் வண்டி நின்று அப்படியே உள்பக்கம் கவிழும். வேகமே இருக்காது, ஆனால் கிளட்ச் லீவர் உடையும், கணுக்கால் மாட்டும்.

செய்ய வேண்டியது: வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே முதல் அல்லது இரண்டாம் கியருக்கு இறக்குங்கள். உங்கள் லேனுக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக, நடுக்கோட்டை ஒட்டி நுழையுங்கள். ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்து, முன் வீலைப் பார்க்காமல் சாலை எங்கே போய் முடிகிறதோ அங்கே தலையைத் திருப்புங்கள். கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான்.

வலப்பக்க வளைவு விசாலமாகத் தெரியும், எதிர் லேனில் வெட்டிப் போகத் தோன்றும். பஸ் இறங்கி வந்தால் அந்த இடம் முழுக்க அதற்கே வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிடுங்கள். முன்வண்டி வளைவை முடிக்கும்வரை அடுத்த வண்டி நுழையவே கூடாது. நின்றுபோனவருக்குப் பின்னால் ஏற்றத்தில் பிரேக் பிடித்து நிற்பது அவர் விழுவதைவிடக் கஷ்டம். வளைவில் கறுப்பாக மினுக்குவது டீசலாக இருக்கலாம், லாரி டேங்கிலிருந்து தளும்புவது அங்கேதான்.

6. இறங்குவது

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலிலோ கிளட்ச் பிடித்தோ உருட்டினால் எல்லாச் சுமையும் பிரேக்குக்கு வரும். டிரம் பிரேக் சூடேறினால் லீவர் நீளமாகப் போகும், பிடி குறையும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. ஸ்கூட்டரில் இன்ஜின் பிரேக் குறைவு, ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகம் மிகக் குறைந்தால் அதுவும் விட்டுப்போகும். அதனால் ஸ்கூட்டர்காரர் ஆரம்பத்திலிருந்தே 20, 25க்கு மேல் போகாமல், பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல் பிடித்துப் பிடித்து விட வேண்டும். ஏறி வருபவருக்கு வழி விடுவது இறங்குபவரின் கடமை. மாலை 4 மணிக்குள் போளூரில் சமதளத்துக்கு வந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

அடிபட்டால் 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஒவ்வொருவரின் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு காகிதம் லீடரிடமும் கடைசி வண்டியிடமும் இருக்கட்டும். போனில் மட்டும் இருந்தால் அது லாக் ஆகியிருக்கும்.

ஞாயிறு மாலை ஸ்ரீபெரும்புதூருக்கு மேல் வரிசை கட்டி ஓட்ட முடியாது, கார்கள் நடுவில் புகுந்துவிடும். அதற்கு முன்பே ஒரு டீக்கடையில் நிறுத்தி, கணக்குப் பார்த்து, அங்கேயே பிரிந்துவிடுங்கள். அங்கிருந்து அவரவர் வழி. எட்டு பேரும் வீடு சேர்ந்ததாக குரூப்பில் மெசேஜ் போடும்வரை லீடர் போனை சைலண்ட்டில் போடக் கூடாது.