பின்னால் பாக்ஸ் மாட்டுவதற்கு முன்

போன மாதம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பையன்கள் மூன்று பேர் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுறுசுறுப்பான பிள்ளைகள். வயரை ஆள் நடக்கிற வழியில் விடாமல் சுவரோரமாக டேப் ஒட்டி இழுத்திருந்தார்கள். மைக்குக்குப் புது பேட்டரி போட்டிருந்தார்கள். அதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பின்பக்கத் தூணில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் ஏறுவதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை.

டிலே (ஒலியைச் சற்றுப் பிந்த வைப்பது) இல்லாத பின் பாக்ஸ்

அப்போது ஒரு தேவாலயத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீளமான கட்டடம், தகரக் கூரை, சிமெண்டுச் சுவர். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று புகார். நான் ஈப்போவுக்குப் போய் இரண்டு பாக்ஸும், சத்தத்தைப் பெருக்கும் ஓர் ஆம்பும் வாங்கி வந்து, முன் பாக்ஸிலிருந்து 24 மீட்டர் தள்ளி மாட்டினேன். 2,400 வெள்ளி. சபை மக்கள் காணிக்கையாகப் போட்ட பணம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துச் சொன்னார்: “சத்தம் நல்லா வருது தம்பி. ஐயா என்ன சொல்றாருன்னுதான் வெளங்கல.”

நான் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. ஆம்ப் சின்னது என்று நினைத்து, இரண்டு மடங்கு வாட் உள்ள ஒன்றை வாங்க வைத்தேன். வாட் இரண்டு மடங்கானால் சத்தத்தின் அளவில் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம்தான். பாட்டிக்கு அப்போதும் விளங்கவில்லை. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி. வயருக்குள் சிக்னல் போக அந்த நேரம் எடுக்காது. போதகர் “அன்பு” என்று சொன்னால் பின் பாக்ஸ் உடனே “அன்பு” என்கிறது. முன் பாக்ஸிலிருந்து கிளம்பிய “அன்பு” காற்றில் நடந்து 70 மில்லி விநாடி கழித்து வந்து, அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காருகிறது. அதன் மேல் தகரக் கூரையின் எதிரொலி வேறு. அங்கே சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும்.

கோயில் மண்டபத்தில் இதைச் சொன்னபோது, அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டான்: “எல்லா பாக்ஸும் ஒரே நேரத்துலதானண்ணே அடிக்குது?”

“அதுதான் தம்பி தப்பு. பின்னாடி இருக்கறது காத்திருந்து அடிக்கணும்.”

மைக்குகளைச் சேர்த்து பாக்ஸுக்கு அனுப்பும் இப்போதைய டிஜிட்டல் மிக்சர்களில் பலவற்றில் அவுட்புட் பக்கத்திலேயே டிலே இருக்கிறது. முன் பாக்ஸுக்கும் பின் பாக்ஸுக்கும் இடையே டேப் பிடித்து அளந்து, மீட்டருக்கு 3 மில்லி விநாடி என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். அதன் மேல் இன்னும் 10 முதல் 15 மில்லி விநாடி சேருங்கள். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் ஆராய்ந்து எழுதியதன் பயன் இது: ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் வந்த பக்கத்தையே காது நம்புகிறது. பின் பாக்ஸ் சற்றுப் பிந்தினால், கடைசி வரிசைக்காரருக்கும் பேச்சு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

இதற்குப் பின் பாக்ஸ் தனி அவுட்புட்டில் இருக்க வேண்டும். அந்தப் பையன்கள் முன் பாக்ஸின் முதுகிலிருந்தே வயரை இழுத்துப் பின்னால் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் மிக்சரில் எவ்வளவு டிலே போட்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் பிந்தும். வயரை மாற்றினோம். பிறகு ஒருவனை மேடை மைக் முன்னால் இரண்டு கட்டையைத் தட்டச் சொல்லிவிட்டு, நான் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். “டக்-டக்” என்று இரட்டையாக விழுந்தது. டிலேயை ஏற்ற ஏற்ற இரண்டும் நெருங்கி, ஒரு கட்டத்தில் ஒரே “டக்”. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று. பின் பாக்ஸில் பேஸை, அதாவது கனமான அடி ஒலியை, குறைத்துவிடுங்கள். முன்னாலிருந்து வருகிற பேஸே அங்கே போதும். சத்தமும், பாக்ஸ் இருப்பதே தெரியாத அளவுக்கு இருந்தால் சரி.

திறந்தே கிடக்கும் மைக்

பாடகர் குழுவுக்கு எட்டு மைக், பேசுவது ஒருவர். திறந்த மைக் இரண்டு மடங்கானால், பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவல் வருவதற்கு முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். பேசாத மைக்கை இறக்கி வையுங்கள்.

எர்த்தைக் கழற்றுவது

“ம்ம்ம்” என்ற இரைச்சல் நிற்கிறது என்று பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். ஆம்பில் பழுது வந்தால், கையில் கித்தாரும் உதட்டில் மைக்குமாக நிற்கிற பிள்ளையின் உடம்பு வழியாக அது இறங்கும். மிக்சருக்கும் ஆம்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். அதிலும் போகாவிட்டால், சிக்னல் வழியில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் (சிக்னலை மட்டும் விட்டு, நேரடி வயர்த் தொடர்பைப் பிரிப்பது) போடுங்கள். எர்த்தைத் தொடவே தொடாதீர்கள்.

நாதஸ்வரம், தவில்

சின்ன மண்டபத்தில் மைக்கே வேண்டாம்.

மழை

தகரக் கூரையில் பெருமழை அடிக்கும்போது சத்தத்தைக் கூட்டி அதோடு போட்டி போடாதீர்கள். பேசுபவருக்குக் கைகாட்டுங்கள், உட்காரட்டும். மழை விட்டதும் தொடரலாம்.