சைக்கிள் டிஸ்க் பிரேக்: பேட் வாங்கும்போதும் ஏர் எடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் லீவர் தளர்ந்து கைப்பிடி வரை வந்துவிட்டால், மதுரைக்குத் திரும்பியதும் பலர் பிரேக் ஆயில் செல்லும் ஹோஸில் காற்றுப் புகுந்துவிட்டது என்று தாமாகவே தீர்மானித்து, ஏர் எடுக்க, அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற, ஆள் தேடுகிறார்கள். முதல் தவறு இந்த அவசரம். லீவரை நான்கைந்து முறை அடுத்தடுத்து அழுத்தும்போது இறுகி, சற்று விட்டுவைத்ததும் மறுபடி தளர்ந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று கொள்ளலாம். லீவர் நன்றாக இறுகியும் சைக்கிள் நிற்கவில்லை என்றால், பேட் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் கட்டை) தேய்ந்திருக்கிறதா, பேடிலோ ரோட்டாரிலோ (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு) எண்ணெய் பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும்; புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் ரோட்டாருக்கு 1.5 மி.மீ.தான் எல்லை.

பேட் வாங்கப் போகும்போது சைக்கிளின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது அடுத்த தவறு. ஒரே பெயரில் விற்கும் சைக்கிளிலேயே ஆண்டுக்கு ஆண்டு வேறு பிரேக் பொருத்தி வருவதுண்டு என்பதால், பேடைத் தாங்கியிருக்கும் காலிப்பரில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைத்தான் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஷிமானோ எம்டி200 பிரேக்குக்குப் பி01எஸ், அதற்குப் பின் வந்த பி03எஸ், பி05எஸ் ஆகிய மூன்று பேடுகளும் பொருந்தும். பேடைத் தள்ளும் பிஸ்டன் நான்கு கொண்ட எம்டி520-க்கு டி வரிசை பேட் வேண்டும். பழைய பேடைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வடிவத்தை மட்டுமே உறுதிசெய்யும். ஆர்டி26, ஆர்டி30 போன்ற ரோட்டார்களில் ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் கலந்த மென்மையான பேட் மட்டுமே) என்று பொறித்திருக்கும். கொடைக்கானல் இறக்கத்தின் சூட்டைத் தாங்கும் என்று எண்ணி அவற்றில் மெட்டல் பேடைப் போட்டால் ரோட்டார் விரைவாகத் தேய்ந்துவிடும். மெட்டல் பேட் வேண்டுமென்றால் அதற்குரிய ரோட்டாரையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் செலவு வைப்பது ஆயில் மாறிப்போவது. இருசக்கர வாகன மெக்கானிக்கிடம் டாட் 3 அல்லது டாட் 4 எனும் பிரேக் திரவ பாட்டில் எப்போதும் இருக்கும். பைக்கிலும் டிஸ்க், சைக்கிளிலும் டிஸ்க் என்ற நல்லெண்ணத்தில் அவர் அதையே ஊற்றிவிடக்கூடும். வேலையில் அவர் கெட்டிக்காரராகவே இருந்தாலும், ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகள் மினரல் ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டாட் திரவம் பட்டால் அவற்றின் ரப்பர் சீல்கள் கெட்டு, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் அல்லது கசியத் தொடங்கும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் சீல் பழைய நிலைக்கு வராது. ஹோப் பிரேக்கிலும் பெரும்பாலான ஸ்ராம் பிரேக்குகளிலும் டாட் திரவம்தான்; ஆயினும் ஸ்ராமின் டிபி8, மேவன் போன்றவை மினரல் ஆயிலில் இயங்குபவை. ஆகவே நிறுவனப் பெயரை வைத்தும் முடிவு செய்ய இயலாது. லீவரிலோ அதன் மூடியிலோ எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். டாட் 5.1-உம் சிலிக்கோனாலான டாட் 5-உம் வேறு வேறு என்பதையும் மறந்துவிடலாகாது. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த டாட் பாட்டிலைப் பயன்படுத்துவதும் தவறே. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய டாட் 4, ஈரம் ஏறிய பின் 155 டிகிரியிலேயே கொதித்தாலும் தரவிதி அதை ஏற்றுக்கொள்கிறது. நீண்ட மலையிறக்கத்தில் அப்படிக் கொதித்து ஆவியானால் லீவர் வெறுமனே உள்ளே போகும்.

ஏர் எடுக்கும்போது பேடைக் கழற்றாமல் விடுவதே வழக்கமாக நடக்கும் பிழை. ஒரு துளி ஆயில் பட்டாலும் பேட் உறிஞ்சிக்கொள்ளும். உப்புத்தாளில் தேய்ப்பவர்களும் கேஸ் அடுப்பில் சுடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் புதிய பேட் வாங்குவதுதான் நம்பத்தக்க வழி. பேடை எடுத்த பின் பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளி, அவை வெளியே வராமல் தடுக்கும் பிளீடிங் கட்டையை நடுவில் செருகிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிஸ்டன் வெளியே வந்திருக்கும் நிலையில் ஆயிலை நிரப்பிவிட்டால், புதுப் பேட் போடும்போது அதைத் தள்ள இடமிருக்காது. கட்டையோ ரோட்டாரோ இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஷிமானோவில் லீவரைக் கிடைமட்டமாக வைத்துப் புனலைப் பொருத்தி, காலிப்பர் நிப்பிளில் சிரிஞ்சால் ஆயிலைக் கீழிருந்து மேலாகச் செலுத்தும்போது, ஹோஸையும் காலிப்பரையும் மெல்லத் தட்டிக்கொடுத்தால் ஒட்டியிருக்கும் குமிழிகள் ஏறிவிடும். இதைச் செய்யாமல் அவசரமாக மூடுவதால்தான் சிலருக்கு ஒரே வாரத்தில் லீவர் மறுபடி தளர்கிறது.

வேலை முடிந்ததும் ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே அதன் அருகிலேயே வரக்கூடாது. புதிய பேட் முழுப் பிடிப்புக்கு வர, நெரிசலில்லாத சமதளச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை இருபது முறையாவது செய்ய வேண்டும். அழகர்கோவில் சாலையில் விடியற்காலையில் அதற்கு இடம் கிடைக்கும். மேகமலை இறக்கத்தை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.