வாளையார் தாண்டிக் குடிவருகிறீர்களா? காகிதங்களைச் செயலியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்

கேரள எல்லைக்குள், பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோடு ஆலைகளில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பேச்சு ஒரு சிக்கலே இல்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் வீடு பார்த்தால் தெருவில் தமிழ்தான் கேட்கும். நம் ஊர் இ-சேவை மையம் செய்வதை இங்கே அக்ஷயா செய்யும். வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடும் என்றால் ஊர் ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்கி வந்து மறுபதிவு செய்யவேண்டும். இதையெல்லாம் அக்கம்பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உடுமலையிலிருந்து வந்த என் நண்பர் வீட்டுக் காகிதங்கள் அத்தனையையும் படம் பிடித்து, இலவசமாக இடம் தரும் ஒரு செயலியில் ஏற்றி வைத்திருந்தார். இங்கே வந்ததும் எல்லோரையும் போலப் புது சிம் வாங்கினார். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் நின்றுபோனது. போன் கெட்டு, வேறு போனில் நுழையப் பார்த்தால் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் போகிறது. அந்த எண் அதற்குள் வேறு யார் கைக்கோ போய்விட்டது. பயன்படுத்தாத எண்ணை முடக்கி, 90 நாள் கழிந்தபின் இன்னொருவருக்குக் கொடுப்பது இங்கே வழக்கமான நடைமுறைதான்.

நிறுவனத்துக்கு எழுதினால் அதே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. வில்லேஜ் ஆபீசில் எவ்வளவு இழுத்தடித்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பார். மனு கொடுக்கலாம், சண்டை போடலாம். செயலிக்காரரை எங்கே போய்ப் பார்ப்பது?

பிள்ளைகளின் பிறப்புச் சான்றை இணையத்திலேயே திரும்ப எடுத்துவிட்டார். மதிப்பெண் பட்டியலுக்கும் நகல் வாங்க வழி உண்டு. ஆனால் அவருடைய அப்பா தம்பிகளோடு உட்கார்ந்து கைப்பட எழுதிய பாகப்பிரிவினைச் சீட்டு? பதிவு செய்யாதது. மூலத்தைக் கரையான் தின்றுவிட்டது, படம்தான் மிச்சமிருந்தது. அதை எந்த அலுவலகமும் மறுபடி எழுதித் தராது. நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அதனால் கிளம்புமுன் காகிதங்களை இரண்டாகப் பிரியுங்கள். அரசு மறுபடி தரக்கூடியவற்றுக்கு டிஜிலாக்கர் என்ற அரசின் ஆவணச் செயலி போதும். ஆனால் துறைகளே அதில் வழங்கும் ஆவணத்துக்குத்தான் மூலத்துக்குச் சமமான மதிப்பு. நாம் படம் பிடித்து ஏற்றியதற்கு அது கிடையாது. டிஜிலாக்கருக்குள் நுழையவும் ஆதாரில் உள்ள எண்ணுக்குத்தான் ஓடிபி வரும், ஆகவே எண் மாறினால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போங்கள். மறுபடி கிடைக்காத காகிதங்களின் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, அச்செடுத்த பிரதியோடு ஊரில் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மூலம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பழைய எண். மாநிலம் மாறினாலும் 2015-லிருந்து அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். புது சிம் வாங்குவதற்குப் பதில் ஆங்கிலத்தில் PORT என்று அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து, அந்த எண்ணிலிருந்தே 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். வரும் குறியீட்டோடு இங்குள்ள கடைக்குப் போனால் வேலை முடிந்துவிடும்.