கோத்தகிரி ஈரத்துக்கு எந்த மரம்?

கோத்தகிரியில் கட்டில், அலமாரி செய்யப் போகிறீர்களா? தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மலிவு, இழையும் அழகு. ஆனால் வண்டு துளைக்கும். உள்தட்டுக்குச் சரி. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காயும்போதே முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். கால், சட்டத்துக்குத் தேக்கோ பலாவோதான் என் தேர்வு.

தேக்கிலும் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தைப் பாருங்கள். அறுத்த முனையில் நடுவே பொன்பழுப்பு, ஓரத்தில் வெளிறிய பகுதி தெரியும். அந்த ஓரம்தான் முதலில் உளுக்கும், நீக்கச் சொல்லுங்கள். பச்சை மரம் வேண்டவே வேண்டாம். நிழலில் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

அப்புறம், மழையில் மரம் ஊதும். இழுப்பறையின் இருபுறமும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். போன ஐப்பசியில் எங்கள் வீட்டு இழுப்பறை இறுகி, இழுத்த இழுப்பில் கைப்பிடிதான் கையோடு வந்தது.