சாப்பிட்ட கையோடு இருபது நிமிடம்

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. விடியற்காலையில் நடந்துவிட்டு, நாலு இட்லியைச் சாப்பிட்டு மிஷினில் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பேன். அதான் நடந்தாச்சே என்ற தெம்பு.

மகள் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கித் தந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதே நாலு இட்லி, அதே சாம்பார். சாப்பிட்டு உட்கார்ந்துவிட்ட நாளில், இரண்டு மணி நேரம் கழித்து 224. சாப்பிட்டதும் தெருவில் நடந்த நாளில் 176.

சர்க்கரை தசைக்குள் போக குளுட்-4 என்ற புரதம் வேண்டும். சும்மா இருக்கும்போது அதில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே கிடக்கும். இன்சுலின் கூப்பிட்டால் செல்லின் மேல்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். நம் தசைக்கோ இன்சுலினின் குரல் சரியாகக் காதில் விழுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் கூப்பிடாமலேயே அது மேலே வந்துவிடும். சர்க்கரை நோயிலும் இந்த வழி அவ்வளவாகக் கெடுவதில்லை.

அதனால் சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் கிளம்புங்கள். பதினைந்து, இருபது நிமிடம் போதும். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாடினால் மூச்சு வாங்க வேண்டும்; அதுதான் வேகம். மழையா? நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்தால் சரி.

நடந்த தசை, தான் செலவழித்த கிளைகோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அந்த ஒன்றிரண்டு நாள் இன்சுலின் பேச்சையும் கொஞ்சம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நடந்து வாரக் கணக்கைத் தீர்க்க முடியாது. தொடர்ந்து இரண்டு நாள் விடாதீர்கள்.

கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனம், சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டு வந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. ஜாக்கெட் முதுகெல்லாம் வேர்வை. மீட்டரில் 61. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. இப்போதெல்லாம் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் படி இறங்குவதில்லை. தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே நடக்காதீர்கள். மருந்து சீக்கிரம் ஏறிவிடும்.

அப்புறம், மூச்சு முட்ட உழைத்தால் சர்க்கரை கொஞ்ச நேரம் ஏறவும் செய்யும். அட்ரினலின் என்ற ஹார்மோன் சொல்லி, கல்லீரல் அள்ளிவிடுகிற சர்க்கரை அது. பழனி மலைப் படியை ஒரே மூச்சில் ஏறிவிட்டு மீட்டரைப் பார்த்துப் பயந்து, பஞ்சாமிர்தத்தைத் தொடாமலே இறங்கினேன். ஊர் வந்து சேர்வதற்குள் அது தானாகவே இறங்கியிருந்தது.