சிங்கப்பூர்ப் பணிப்பெண்ணின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பதிவது எப்படி?

சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண் ஒருவரின் கதையைப் பதிய விரும்புகிறவர், முதலில் அவருக்கு ஓய்வுநாள் உண்டா என்று கேட்டறிய வேண்டும். வார ஓய்வுநாள் 2013இல்தான் விதியாயிற்று. முதலாளி ஈட்டுத்தொகை கொடுத்து அதையும் வேலைநாளாக்கிக்கொள்ள முடிந்ததால், மாதத்தில் ஒரு நாளையாவது ஓய்வுக்கு விட்டே ஆக வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பவும் தோழிகளைப் பார்க்கவும் இருக்கும் அந்த ஓய்வுநாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். முதலாளி வீட்டில் வைத்துப் பேசவே கூடாது.

"எங்கே தூங்குகிறீர்கள்?" என்று தொடங்குங்கள். கட்டுமான ஊழியர் ஒருவர் விடுதியில் தம்மைப் போன்ற பலரோடு தங்குகிறார். குறையைச் சொல்லப் பக்கத்துக் கட்டிலில் ஆள் உண்டு. பணிப்பெண்ணோ முதலாளி வீட்டிலேயே தங்கியாக வேண்டும். சில அடுக்குமாடி வீடுகளில் சன்னலே இல்லாத குண்டுதடுப்பு அறையில், அரிசி மூட்டைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்பதையும் கேளுங்கள். பெண்ணாக அங்கே வாழ்வது எப்படி என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

அடுத்தது சம்பளம். தொகையோடு நிறுத்தாமல், அது எப்படி முடிவானது என்று கேளுங்கள். அனுபவத்தைக் கேட்பதற்கு முன்பே பிலிப்பைன்ஸா, இந்தோனேசியாவா, மியன்மாரா என்று பார்த்துச் சம்பளம் பேசுகிற சந்தை அது. முதல் சில மாதச் சம்பளம் ஏஜென்ட் கடனுக்கே போயிருக்கும். அந்த மாதங்களில் ஊரில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைக் கேட்காமல் விட்டால் கதையில் பாதி போய்விடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் உண்டு. அதை நீங்களாகக் கேட்க வேண்டாம். அவரே அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் பதியுங்கள்.

அவர் தமிழ் பேசுபவராக இருந்தால், ஒரே மொழி என்பதை நம்பி எதையும் ஊகிக்காதீர்கள். திருச்சியிலிருந்து ஒரே விமானத்தில் வந்த இருவரில், போதிய சம்பளம் வாங்கும் பொறியாளர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். பணிப்பெண்ணைப் போன்ற வேலை அனுமதி அட்டைக்காரருக்கு அந்த உரிமை இல்லை. உங்களை அவர் "மேடம்" என்கிறாரா, "அக்கா" என்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியில் அது மாறியது என்பது மிக முக்கியமான குறிப்பு.

பெயரையும் வட்டாரத்தையும் எழுதாதீர்கள், ஏனெனில் அவருடைய வேலை அனுமதியை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை அவர் கண்முன்னே அடித்துவிடுங்கள்.